பழக்கிக் கொடுத்த வாய்

என் வீட்டுக்காரருக்குப் புகை பிடிக்கிற பழக்கம் கிடையாது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புகை பிடிக்கிற மரப் பைப்பைக் கையாலேயே செய்வதில் இந்த ஊரில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் சொல்லிக்கொள்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டுமானால் நடுவில் இன்னொருத்தர் வாய் வேண்டும். அந்த வாய் என் தம்பியுடையது. இப்போது அதில் நாக்கு பாதிகூட இல்லை.

முதலில் மனுஷரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர் இல்லை; டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற வாய்க்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். கிளினிக்கின் முன்பக்கம் ஏசி, மீன் தொட்டி, மெத்தை வைத்த நாற்காலி. பின்பக்கம் இவருடைய அறை. ஜன்னல் கிடையாது. ஒரு காஸ் அடுப்பு, மெழுகு உருகுகிற வாடை, சுவர் முழுக்கப் பலகை அடித்து அடுக்கி வைத்த பிளாஸ்டர் தாடைகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அங்கே சிரிக்கிறதா கடிக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

பல்செட் போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்களாம். பின்னறையில் ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இதைத்தான் புலம்புவார். செய்கிறது நான், கும்பிடு வாங்குகிறது அவனா என்பார். எனக்குப் பாவமாக இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அவருக்குத் தங்கமான கை. விழுந்து உடைந்த பீங்கான் கோப்பையை ஒட்டிக் கொடுத்தால் விரிசல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையே என்று நானே மனம் நொந்திருக்கிறேன்.

அந்த நல்ல வார்த்தை கடைசியில் ஒரு கப்பல் கேப்டன் வாயிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற மனிதர், பல்செட்டுக்கு வந்தவர். வாய்க்குழல் கடிபட்டு ஓட்டையாகிப்போன தன் பைப்பையும் விளையாட்டாகச் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். இவர் பல்செட் செய்கிற பொடியிலேயே புதிதாக ஒரு வாய்க்குழல் வார்த்துவிட்டார். அங்கே இருந்தது ஈறு நிறப் பொடிதான். அதனால் கறுத்த மரப் பைப்பில் இளஞ்சிவப்பு வாய்க்குழல். கேப்டன் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். பிறகு வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் எந்தப் பைப்பும் என் பல்லில் இப்படி உட்கார்ந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே பின்னறைக்கு நடந்து வந்து இவர் கையைக் குலுக்கினார். அவ்வளவுதான், மனுஷர் விழுந்தார்.

மறுமாதமே வீட்டுக்குப் பார்சல் வந்தது. பிரையர் என்று ஒரு புதராம், அதன் வேரில் முண்டு முண்டாகக் கட்டை விளையுமாம். நெருப்பு பட்டால் லேசில் எரியாது என்பதால் பைப்புக்கு அதுதான் உசத்தி. நான் பழைய துணியும் பாத்திரமும் போட்டு வைத்திருந்த வீட்டுப் பின்னறையைக் காலி பண்ணச் சொன்னார். பண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன விஷயம் என்று கேட்டாள். இவர் பைப் செய்யப் போகிறார் என்றேன். அப்படியானால் எங்கள் வீட்டுக் குழாயும் ஒழுகுகிறது, வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். இதை இவரிடம் சொன்னதற்கு இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு கட்டையை எடுத்தால் முதலில் தண்ணீரில் நனைத்து ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். சாப்பிடும்போதுகூட அது தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பிறகு பென்சிலால் கோடு போட்டுத் துளை போடுவார். அந்த நேரம் வீட்டில் யாரும் இருமக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது. நெருப்பு இருக்கிற கிண்ணம் ஒன்று, அதற்குப் பக்கவாட்டிலிருந்து போய்ச் சேருகிற புகைத்துளை ஒன்று. அந்தத் துளை கிண்ணத்தின் அடியில், நட்டநடுவில் போய்த் திறக்க வேண்டும். நூலிழை மேலே போனால் அடிப் புகையிலை எரியாமல் நசநசவென்று தங்கிவிடும். கீழே இறங்கினால் கட்டையே வீண். துளை சரியாக விழுந்துவிட்டால் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, மெழுகு ஏற்றிக் கன்னம் மாதிரி வழவழவென்று ஆக்கிவிடுவார். காயப்போட்ட துணி முழுக்கச் சிவப்புத் தூள் விழுந்து கிடக்கும். அதை உதறுகிறது என் வேலை.

எவ்வளவோ மெனக்கெட்டுச் செதுக்கிய பிறகு கட்டைக்குள்ளே ஊசி முனை அளவுக்கு ஒரு குழி தெரியும். வேர் வளரும்போது மணல் புகுந்த இடமாம். மற்றவர்கள் அதில் பசையை அடைத்துச் சாயம் பூசி விற்றுவிடுவார்களாம். இவர் செய்ய மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், குழி இருந்தால் தூக்கிக் குப்பையில் போடுவார். குறையை மூடி மறைக்கிறவன் கைவேலைக்காரனே இல்லை என்பார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

செய்து முடித்தாலும் பைப் முடிந்தபாடில்லை. புதுப் பைப்பை யாரும் ருசித்துப் பிடிக்க முடியாது. முதலில் ஒரே கசப்பு, காட்டம், நாக்கு பொரிந்துவிடும். நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைத்துக் கிண்ணத்துக்குள் கரி ஒட்ட வைக்க வேண்டும். அந்தக் கரி ஒரு பொருக்காக ஏறிய பிறகுதான் கட்டை தீயாது, புகையும் இனிக்கும். இதற்குப் பழக்குவது என்று பெயர். பழக்கிப் பார்த்தால்தான் துளை சரியா, வாய்க்குழல் சரியா என்பதும் தெரியும். புகை பிடிக்காதவர் எப்படிப் பழக்குவார்?

என் தம்பி காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவன். உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறி நின்று அவன் ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஆரம்பித்தால் சந்தைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக்கூட விலை தெரிந்துவிடும். சந்தையில் அவனுக்கு வெண்கலம் என்று பெயர். அந்தத் தொண்டைக்காகவே மூன்று மண்டிக்காரர்கள் அவனைப் போட்டி போட்டுக் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது, கேலி ஓயாது. அவன் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய் வெகுநாளாகிறது. வீட்டிலும் ஏலம் கூவினால் எவள் இருப்பாள் என்று நானே அவனைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்பான். எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். எப்போதாவது சிகரெட் பிடிப்பான், அவ்வளவுதான். அவனைப் பிடித்துப் பைப்புக்கு உட்கார வைத்தது இவர்.

தம்பியின் பல்லை அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து வைத்துக்கொண்டார். எந்தப் பைப் செய்தாலும் வாய்க்குழலை முதலில் அந்தப் பிளாஸ்டர் பல்லில் வைத்துப் பார்ப்பார், பிறகு தம்பியை முக்காலியில் உட்கார வைத்து டார்ச் அடித்து, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கலர் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, சாயம் பட்ட இடத்தை ராவுவார். பெற்ற அம்மாகூட அந்த வாயை அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

தம்பி பழக்குவான். கசப்பான கசப்பையெல்லாம் அவன் குடித்துத் துப்பி, கரி பொருக்காக ஏறி, புகை இனிக்க ஆரம்பிக்கிற சமயம் பார்த்து இவர் வாங்கிக்கொண்டுவிடுவார். ஸ்பிரிட்டால் துடைத்து மெழுகு போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். இல்லையென்றால் கேப்டனுடைய கிளப்பில் யாருக்காவது கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டு வருவார். தம்பி கையில் அடுத்த புதுப் பைப் வந்துவிடும். இனிக்கிற பைப் ஒன்றுகூட அவன் கையில் தங்கியதில்லை. உனக்குச் சூடு சொரணை இல்லையாடா, அந்த மனுஷர் வாய் பல் பளபளவென்று இருக்க உன் வாய்தான் கிடைத்ததா என்று திட்டுவேன். அத்தான் கண்ட வாய்க்குக் குடுப்பாரா அக்கா, என்னை நம்பித்தானே குடுக்கறார் என்பான். அவனுக்கு அது ஒரு பதவி மாதிரி.

கிளப் என்று சொன்னேனே, அது பைப் பிடிக்கிறவர்கள் மாதத்துக்கொருமுறை கூடுகிற இடம். நல்ல வசதிக்காரர்கள். இவருடைய பைப்பை வாங்கிக்கொள்வார்கள், முதுகில் தட்டுவார்கள், திரும்பினால் பல்செட் பைப் என்று கிண்டலடிப்பார்கள். பழைய ஈறு நிறக் கதையைக் கேப்டன் எல்லோரிடமும் பரப்பிவிட்டிருந்தார். அது இவர் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து ஒரே வெறி.

அந்தக் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு போட்டி உண்டு. எல்லோருக்கும் ஒரே எடை புகையிலை, இரண்டே தீக்குச்சி. பற்ற வைத்த பிறகு அணையாமல் யார் அதிக நேரம் வைத்திருக்கிறாரோ அவருக்குக் கோப்பை. வேகமாக இழுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும், விட்டால் அணைந்துவிடும். புகைத்துளை சரியாக இல்லாத பைப் பாதியிலேயே செத்துவிடும் என்பதால், ஜெயித்த பைப்பைச் செய்தவரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். இவருக்கு வேண்டியது அந்த மேடை.

தம்பியைத் தயார் பண்ணினார். கூவியே பிழைக்கிறவனை வாய் மூடி ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறதென்றால் லேசா? வீட்டுக்கு வந்தால் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூச்சை எண்ணி விட வேண்டும். என் வீடு முதல் தடவையாக அமைதியாக இருந்தது. எனக்கே கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. போட்டிக்கென்று தேர்ந்தெடுத்த கட்டை ரொம்ப உசத்தியாம். அந்தப் பைப்பைத் தம்பி காலையில் ஒரு முறை, சந்தையிலிருந்து வந்ததும் ஒரு முறை என்று விடாமல் பழக்கினான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்தேன். காரம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வான். என்னடா என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, பல் ஓரம் கொஞ்சம் கூராக இருந்தது, ராவிவிட்டேன், சரியாகிவிடும் என்றார். வாய் விஷயம், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

போட்டி நடந்த கூடத்துக்கு நானும் போனேன். நீள மேஜைகள், வரிசையாக ஆண்கள், ஆளுக்கொரு பைப். பற்ற வைத்ததும் மழைக்கால மேகம் மாதிரி புகை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராக அணைந்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போக, கடைசியில் என் தம்பியும் எதிரில் ஒரு கிழவரும்தான் பாக்கி. தம்பி கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தை மூச்சு விடுவது போல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தான். பைப்பை எப்போதும் வலது பக்கம் கடிக்கிறவன் அன்று இடது பக்கம் கடித்திருந்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவருடைய பைப் அணைந்தது. தம்பியின் பைப்பிலிருந்து நூல் போல ஒரு புகை இன்னும் வந்துகொண்டிருந்தது.

இவர் எழுந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டது கேப்டனை. மேடையில் வாயெல்லாம் பல்லாக நின்று, துளை போடுவதைப் பற்றி நெடுநேரம் பேசினார். யாரும் பல்செட் என்று சொல்லவில்லை. கோப்பையோடு படம் எடுத்தார்கள். என் தம்பி சுவரில் சாய்ந்து நின்று கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தான். பார்த்தால் ரத்தம். நான் பதறிப்போய் இவரைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் வாயில் நெருப்பு வைத்திருந்தால் சூடு படாதா, விட்டமின் மாத்திரை தருகிறேன் என்றார். தந்தார். அத்தோடு சரி.

பிறகு ஒரு மாதம் கோப்பை புராணம்தான். யார் வந்தாலும் அலமாரியைத் திறந்து காட்டுவார். கிளப்பிலிருந்து நாலைந்து பேர் தங்களுக்கும் அப்படியே ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கட்டை வந்துகொண்டே இருந்தது. தம்பி பழக்கிக்கொண்டே இருந்தான்.

காது வலிக்கிறது என்றான். ஆள் இளைத்துவிட்டான். சந்தையில் அவன் கூவினால் வார்த்தை குழறுகிறது, காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாயா என்று வியாபாரிகள் சிரிக்கிறார்கள் என்று மண்டிக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார். அவன் குடிக்கிறவன் இல்லை. மறுநாளே இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னொரு மாத்திரை கொடுத்திருப்பார்.

டாக்டர் இளவயது. தம்பியின் நாக்கை ஒரு துணியால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கின் வலது ஓரத்தில், அடிவரைக்கும், அழுகின காய் மாதிரி இருந்தது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். தம்பி ரொம்ப உற்சாகமாகப் பதில் சொன்னான்.

"போட்டிக்கு முன்னாடியே இருந்துச்சு சார். அப்ப வெள்ளையா ஒரு தழும்பு மாதிரி, நடுவுல சின்னதா புண்ணு. எங்க அத்தான்தான் கண்டுபிடிச்சார். உரசக் கூடாதுன்னு வாய்க்குழலையே வேற மாதிரி ராவி, இடது பக்கம் கடிக்கற மாதிரி மாத்திக் குடுத்தார். அவர் மட்டும் பார்க்கலைன்னா எனக்கு வலி தாங்கியிருக்காது."

உங்கள் அத்தான் என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டார். பல் கட்டறவர் சார், வாயைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்லை என்றான் என் தம்பி. டாக்டர் அதற்கு மேல் அவனைக் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். வெளியில் என்னை மட்டும் கூப்பிட்டு, அப்போதே வந்திருந்தால் ஓரமாகக் கொஞ்சம் வெட்டித் தையல் போட்டு மறுவாரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். இப்போது நாக்கில் பாதிக்கு மேல் போகும், பேச்சு போகும் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் பின்னறையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்தவள், அந்த வார்த்தை மனதில் வந்ததுமே வாசலில் நின்று அழுதுவிட்டேன். பிறகு உள்ளே போய்ப் பாலிஷ் மோட்டாரை நிறுத்திவிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அது என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

கையில் இருந்த பைப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. போட்டி முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டலாம்னு நெனச்சேன். முடிஞ்சதும் மறந்துபோச்சு. அவனும் ஒண்ணும் சொல்லலையே."

பாவி, அதைவிட உன் தம்பி செத்தால் சாகட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மறந்துபோச்சாம். கட்டையில் ஊசி முனைக் குழி இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வராதே, என் தம்பி நாக்கு கட்டையைவிடக் கேவலமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன்கிட்ட சொல்லிடாதே, அவன் என்னைத்தான் மலை மாதிரி நம்பிக்கிட்டிருக்கான் என்றார். கையை உதறினேன். ஆனால் சொல்லவில்லை. கத்திக்குப் போகிறவனிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் முடிந்து தம்பி திரும்பி வந்தபோது தாடைக்குக் கீழே காதுவரைக்கும் தையல். வாயைத் திறந்தால் ஓரத்தில் தண்ணீர் வழியும். எதைச் சொன்னாலும் ஊமை மாடு கத்துகிற மாதிரி ஒரே சத்தம்தான் வரும். மசித்த உருளைக்கிழங்கையும் சூப்பையும் நான் கரண்டியால் ஊட்டுவேன். மண்டிக்காரர்கள் வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் வேறொருவனைக் கூவ விட்டிருந்தார்கள். ஆரஞ்சை மெல்ல முடியாதவனுக்கு ஆரஞ்சு.

இவர் அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். பைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் எங்கேயோ படித்துவிட்டு வந்து, நாக்கு மேலே எட்டாவிட்டால் மேலண்ணத்தைக் கீழே இறக்கிவிடலாம் என்றார். பல்செட் போலவே ஒரு தட்டு. மேல்வாயில் மாட்டிக்கொண்டால் மிச்சமிருக்கிற துண்டு நாக்கு அதில் போய் முட்டும், முட்டினால் எழுத்து பிறக்கும். மெழுகில் செய்து, அதன் மேல் பொடி தூவி, தம்பியைப் பேசச் சொல்லி, பொடி எங்கே கலைந்திருக்கிறது என்று பார்த்து, சுரண்டி, ஏற்றி, மறுபடி பொடி தூவி என்று வாரக்கணக்கில் செய்தார். சோறு தண்ணி இல்லை. போட்டிப் பைப்புக்குக்கூட அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை.

தட்டு முடிந்த அன்று தம்பி அதை மாட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்கி, இரண்டு மூன்று தடவை வாயை மூடித் திறந்தான். முதலில் வந்த வார்த்தை "அத்தான்". சுத்தமாக வந்தது. இவர் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் முகம் வைத்துத் தேம்பினார். என் தம்பி அவர் தலையைத் தடவிக் கொடுத்தான். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

விஷயம் ஆஸ்பத்திரிவரை போனது. டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு தம்பியையும் கூட்டிப்போனார். மேடையில் தம்பியை நிற்க வைத்துத் தட்டைக் கழற்றச் சொன்னார். தம்பி கழற்றிவிட்டுப் பேசினான், அந்த மாட்டுச் சத்தம். மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டு, "என் தொழில் ஏலம் கூவறது. திரும்பப் பேச வச்சது எங்க அத்தான்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. கிளினிக் பல் டாக்டர் மேடையேறி வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். அன்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன இளவயது டாக்டரும் இரண்டாம் வரிசையில் நின்று கைதட்டினார். என் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

இனிமேல் என்னால் முடியாது என்று முடிவு பண்ணினேன். இப்போதுதான் பேச்சு வந்துவிட்டதே, அவனே அவரை நிறுத்தி வைத்துக் கேட்கட்டும். வீட்டுக்கு வந்து இவர் சட்டை மாற்றப் போனதும் தம்பியை அடுப்படியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தது, சந்தேகப்பட்டது, போட்டிக்காக மூடி வைத்தது, பிறகு மறந்துபோனது. டாக்டர் சின்னத் தையலில் முடிந்திருக்கும் என்றதையும் சொன்னேன். அவன் வாயோரம் வழிந்த தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தான்.

"தெரியும் அக்கா. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் திரும்பி உன்னைப் பார்த்தாரே, அப்பவே புரிஞ்சுடுச்சு."

தெரிந்துமா இன்று அப்படிப் பேசினாய் என்று கேட்டேன். ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, ஒரு அறை விட வேண்டாமா, உனக்குப் பதிலாக நான் கேட்கட்டுமா என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்கைத் தட்டுவரை தூக்க அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இந்தத் தட்டு மாசா மாசம் லூசாகுது. நாக்கு சுருங்கச் சுருங்க இன்னும் கீழே இறக்கணும். அவரை விட்டா யாரு செஞ்சு குடுப்பா? நீ குடுப்பியா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்போது பின்னறையிலிருந்து இவர் குரல் கேட்டது. மச்சான், மேடையில ஒரு எழுத்து கொஞ்சம் வழுக்குச்சு, வா, ராவிடலாம் என்றார். என் தம்பி உடனே எழுந்தான். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறக்கிறதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தான்.

"மூஞ்சியைக் கழுவிக்க அக்கா. ஏன் அழுதேன்னு அத்தான் கேட்டா என்ன சொல்லுவே?"